மேஸ் தூக்கப்போவது யார்?

முக்கிய விருந்தினரின் கார் கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது. ஆசிரியர்கள் கறுப்பு கவுனில் இரண்டிரண்டு பேராகப் போர்ட்டிகோவில் நிற்கிறார்கள். வரிசைக்கு முன்னால் தனியாக நிற்க வேண்டியவர் ஒருவர்தான். நின்றது இரண்டு பேர். இரண்டு பேருடைய நான்கு கைகளும் ஒரே கோலைப் பிடித்திருந்தன.

அந்தக் கோலை எங்கள் கல்லூரியில் மேஸ் என்போம். தேக்குத் தடி, தலையில் பித்தளைத் தராசு. பட்டமளிப்பு நாளில் அதை ஏந்திக்கொண்டு ஓர் ஆசிரியர் முன்னால் நடப்பார். பிரின்சிபால், டிரஸ்டிகள், விருந்தினர் எல்லோரும் அவருக்குப் பின்னால். பெங்களூரில் ஒரு தனியார் சட்டக் கல்லூரியின் அகாடமிக் செக்‌ஷனில் நான் சூப்பரிண்டெண்டாக இருந்தேன். விழாவில் யாருக்கு என்ன வேலை என்கிற டியூட்டி சார்ட் என் மேஜையிலிருந்துதான் கிளம்பும். போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டேன். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோலின் மேல் பாதியைப் பிடித்திருந்தவர் வசந்தகுமாரி மேடம். அரசியலமைப்புச் சட்டம் எடுப்பவர். கீழ்ப் பாதியைப் பிடித்திருந்தவர் கிரிமினல் லா எடுக்கும் நஞ்சுண்டய்யா சார். மேடத்திடம் ஒரு டிரஸ்டி "நீங்கதான்" என்று சொல்லியிருக்கிறார். சாரிடம் பிரின்சிபால் சொல்லியிருக்கிறார். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. கார்க் கதவு திறந்தது. அடியைப் பிடித்திருப்பவருக்குத்தான் பிடி பலம், சார் நடக்க ஆரம்பித்துவிட்டார். மேடம் கையை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

யாருக்கு என்ன வேலை

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். உள்ளே இருப்பவர்களுக்கு அப்படி இல்லை. விழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போதே என் மேஜைப் பக்கம் நடமாட்டம் கூடிவிடும். சும்மா வந்ததாகச் சொல்வார்கள். காபி குடித்தாயா என்று கேட்பார்கள். முப்பது வருஷத்தில் ஒருவர்கூட மற்ற மாதங்களில் என் காபியைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை.

ஒவ்வொரு வேலைக்கும் ஆள் எடுக்க ஒவ்வொரு வழக்கம். பட்டதாரிகளின் பெயர்களை மைக்கில் வாசிக்க, கன்னடப் பெயரையும் மணிப்பூர்ப் பெயரையும் ஒரே மூச்சில் கொல்லாமல் சொல்லத் தெரிந்தவர் வேண்டும். உறுதிமொழி செய்துவைக்கக் குரல் கனமாக இருக்க வேண்டும். தோளில் ஹூட் என்கிற பட்டைத் துணியைப் போட்டுவிடும் ஆசிரியரை மாணவர்களே ஓட்டுப் போட்டு எடுப்பார்கள், அதனால் அதில் சண்டை கிடையாது, அழுகை மட்டும்தான். நன்றியுரை பிரின்சிபாலுக்கு அந்த மாதம் யாரைப் பிடிக்கிறதோ அவருக்கு. ஊர்வலத்தில் பக்கவாட்டில் நடக்கும் மார்ஷல் வேலை புதிதாகச் சேர்ந்தவர் தலையில்.

மேஸுக்கு மட்டும் பணிமூப்பு. அதில்தான் வம்பு. வசந்தகுமாரி மேடம்தான் முதலில் சேர்ந்தவர். ஆனால் நடுவில் ஆராய்ச்சிப் படிப்புக்காக ஒரு வருஷம் சென்னை போய்விட்டு வந்தார். அந்த ஒரு வருஷத்தைச் சுட்டிக்காட்டி, அவர் சர்வீஸ் அறுந்துவிட்டது என்பது நஞ்சுண்டய்யா சார் கட்சி. அனுமதியோடு போனதால் அறுபடவில்லை என்பது மேடம் கட்சி.

போர்ட்டிகோ கூத்துக்குப் பிறகு பிரின்சிபால் ஒரு கமிட்டி போட்டார். விதி எழுதுங்கள், இனிமேல் விதிப்படி நடப்போம் என்றார். கமிட்டியில் சண்டை போட்ட இரண்டு பேரையும் போட்டார். கூட எழுதிக்கொள்ள நிகில் என்று ஓர் இளம் லெக்சரர்.

வீட்டில் குழாய் ரிப்பேருக்குப் பிளம்பரைக் கூப்பிட்டால் வேலை முடியும். சட்ட வாத்தியார்களிடம் விதி எழுதச் சொன்னால் முடியவே முடியாது. மூன்று மாதம் உட்கார்ந்தார்கள். அனுமதியோடு எடுத்த இடைவெளி இடைவெளி ஆகாது என்று மேடம் ஒரு வரி சேர்த்தார். உடனே சார், ஆசிரியர் என்றால் யார் என்பதற்குக் கல்லூரியின் பணி விதிகளில் இருக்கும் அர்த்தமே இங்கேயும் செல்லும் என்று ஒரு வரி சேர்த்தார். அவர் ஆரம்பத்தில் பகுதிநேரமாக வேலை பார்த்த காலமும் அந்த அர்த்தத்துக்குள் வந்துவிடும், அதுதான் அவர் கணக்கு. ஆளாளுக்குத் தன் வரியைக் காவல் காத்தார்கள். அடுத்தவர் வரியில் வேறு என்ன புகுந்துகொள்ளும் என்று இருவரும் பார்க்கவில்லை. நிர்வாகக் குழு கையெழுத்துப் போட்டு விதியை நிறைவேற்றிவிட்டது.

திரையில் வந்த பெயர்

அடுத்த வருஷ விழாவுக்கு இரண்டு வாரம் முன்பு மீட்டிங். அந்த மாதக் கடைசியில் வசந்தகுமாரி மேடம் ஓய்வு பெறுகிறார். எல்லோருக்கும் தெரியும், அவருக்கு இது கடைசி விழா. இந்தத் தடவை அவர்தான் என்று அவர் நம்பினார், நானும் நம்பினேன். புது கவுன் தைத்து வைத்திருந்தார். வேலூரிலிருந்து அவர் தங்கை வருகிறார், புனேயிலிருந்து மகன் வருகிறான். எங்கள் கல்லூரியில் அதுவரை ஒரு பெண்கூட மேஸ் ஏந்தியதில்லை. அதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார், அதுவும் வேறு எதையோ பேசிக்கொண்டே.

நிகில் பணி விதிகளைப் பார்த்து ஆசிரியர்கள் பட்டியலை வேலைக்குச் சேர்ந்த தேதிப்படி அடுக்கித் திரையில் போட்டான். மேடம் பெயர் இரண்டாவதாக இருந்தது. பகுதிநேரக் காலத்தைச் சேர்த்தும் சார் பெயர் மூன்றாவதாகத்தான் இருந்தது.

முதலாவதாக இருந்தது தனபால், பிசிகல் டைரக்டர்.

பணி விதிகளில் ஆசிரியர் என்றால் லைப்ரேரியனும் பிசிகல் டைரக்டரும் சேர்த்தி. எல்லாக் கல்லூரியிலும் அப்படித்தான். தனபால் மாஸ்டர், கல்லூரி வாடகைக் கட்டிடத்தில் இருந்த நாளிலேயே சேர்ந்தவர். ஒரு நாள்கூட இடைவெளி இல்லை.

மீட்டிங்கில் யாரோ சிரித்தார்கள். பின் வரிசையில் ஒருவர், பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மாஸ்டர் அந்த மீட்டிங்குக்கு அழைக்கப்படவே இல்லை, அதனால் அதைக் கேட்க அவர் அங்கே இல்லை. மேடம் சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உள்ளங்கை மேஜை மேல் விரித்தபடி இருந்தது.

பிரின்சிபால் இதை ஒரு டெக்னிக்கல் மிஸ்டேக் என்றார். இரண்டு வழி இருக்கிறது என்றார். ஒன்று, விதியில் ஆசிரியர் என்பதைப் பேராசிரியர் என்று மாற்றிவிடலாம். இல்லையென்றால் தனபாலிடமிருந்து எனக்கு விருப்பமில்லை என்று ஒரு வரி எழுதி வாங்கிவிடலாம். இரண்டாவதுதான் சுலபம் என்று என்னைப் பார்த்தார். நீங்கள் தமிழ், அவரும் தமிழ், ஸ்வல்ப மாத்தாடி என்றார் கன்னடத்தில். பேசிப் பாருங்கள் என்று எளிதாகச் சொல்லிவிட்டார். போய்ப் பேச வேண்டியவள் நான் அல்லவா.

கிரவுண்டில்

தனபால் மாஸ்டர் பெங்களூரிலேயே நீலசந்திரா ஏரியாக்காரர். கிரவுண்டில் வாலிபால் நெட் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். மேடத்துக்குக் கடைசி வருஷம், வீட்டிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், நீங்கள் பெரிய மனசு பண்ண வேண்டும் என்றெல்லாம் இழுத்தேன். அவர் நெட்டின் முடிச்சை இறுக்கி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"ரூல்ல என் பேர் வர்தா, இல்லியா? அத்த மட்டும் சொல்லுங்க கலாம்மா."

"வருது மாஸ்டர்."

"அப்போ வேணான்னு நான் இன்னாத்துக்கு எழுதித் தரணும்?"

அவர் கோபப்படவில்லை. கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டுச் சொன்னார்:

"விழான்னா நான் எங்க நிப்பேன்னு உங்களுக்குத் தெரியும். ஸ்டேஜ் பக்கத்துப் படிக்கட்டுல. பசங்கள பேர் வரிசையில நிக்க வச்சி ஒவ்வொருத்தரா மேல அனுப்புவேன். அங்க கேமரா வராது. எல்லா வருசத்து போட்டோவும் ஆபீஸ்ல மாட்டி வச்சிருக்கீங்க இல்ல? ஒண்ணுலகூட நான் இல்ல. எனக்கும் ஒரு தபா முன்னாடி நடக்கணும்னு இருக்காதா?"

நான் கிளம்பும்போது பின்னாலிருந்து இன்னும் ஒன்று சொன்னார். "மேடமே வந்து ஒரு வார்த்த கேட்டாங்கன்னா குடுத்துடறேன். பிரின்சிபால் சொன்னார்னு குடுக்க மாட்டேன்."

ஓடிவந்தேன். இத்தனை வயதில் கிரவுண்டைக் குறுக்கே ஓடியது அன்றைக்குத்தான். ஒரு வார்த்தைதானே, கேட்டால் முடிந்தது என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

ஒரு வார்த்தை

மேடம் தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் கேட்டார். பேனாவை மூடி வைத்தார்.

"அவருக்குச் சேர வேண்டியத அவர்கிட்டயே போய் எனக்குக் குடுங்கன்னு கேக்கச் சொல்றியா, கலா?"

"அவரே குடுக்கறேன்னு சொல்றார், மேடம்."

"கேட்டா குடுக்கறேன்னு சொல்றார். அதுக்குப் பேர் என்னன்னு உனக்குத் தெரியாதா?"

அப்படியானால் விதியைத் திருத்திவிடலாமே, பிரின்சிபால் தயார், நிகில் அரை மணியில் டைப் அடித்துவிடுவான் என்றேன். அதற்கு மேடம் குரல் உயர்ந்தது. அவர் குரல் உயர்ந்து நான் அதற்கு முன் கேட்டதில்லை.

"பேர் தெரிஞ்சதுக்கு அப்புறம் ரூலைத் திருத்தக் கூடாதுன்னு இத்தனை வருஷம் கிளாஸ்ல நின்னு கத்தியிருக்கேன். கடைசி மாசம் எனக்காகத் திருத்திட்டுப் போனா, நான் சொல்லிக் குடுத்தது என்ன?"

சொல்லிவிட்டு அழுதார். பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார் என்று பிற்பாடு ஆளாளுக்குப் பேசினார்கள். நான் அந்த அறையில் இருந்தேன். பெருந்தன்மை எதுவும் அங்கே இல்லை. அவருக்கு அந்த மேஸ் வேண்டும். வேண்டும் என்று அவர் உடம்பெல்லாம் சொன்னது. அதை வாங்கிக்கொள்ள நேர்வழி ஒன்றும் மிச்சமில்லை, அவ்வளவுதான். "நானே வரி வரியா எழுதினேன் கலா, அவர் போட்ட அந்த ஒரு வரிய மட்டும் பார்க்காம விட்டுட்டேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வேறு என்ன வேலை போடட்டும், நன்றியுரையா, பெயர் வாசிப்பதா என்று கேட்டேன். என் பேரை எதிலும் போடாதே, நான் தங்கையோடு கீழே உட்கார்ந்துகொள்கிறேன் என்றார்.

அடுத்த இரண்டு வாரம் நான் எப்படி ஓட்டினேன் என்று எனக்கே தெரியாது. என் வீட்டுப் பக்கம் ஜோகுபாளையத்தில் பஸ் ஏறினால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விடுவேன். சாம்பாரில் உப்பு இரண்டு தடவை விழும். டியூட்டி சார்ட்டைத் திறப்பேன், மூடுவேன். ஏதோ ஒன்று விட்டுப்போயிருக்கிறது என்று மனது நமநமத்துக்கொண்டே இருந்தது. மேடத்தை நினைத்துத்தான் அப்படி இருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன். நஞ்சுண்டய்யா சார் மட்டும் குஷியாக இருந்தார். தனக்குக் கிடைக்காததைவிட மேடத்துக்குக் கிடைக்காதது அவருக்கு இனித்தது. மறைக்கக்கூடத் தெரியவில்லை, பாவம்.

படிக்கட்டு

விழா அன்று தனபால் மாஸ்டர் வாடகை கவுனில் வந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது கவுன். ஷூ பளபளத்தது. நாதஸ்வரம் தொடங்கியதும் மேஸை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நடந்தார் பாருங்கள், ஸ்போர்ட்ஸ் டே அணிவகுப்பு நடை. அவருக்கு அது ஒன்றுதான் தெரியும். பின்னால் வந்த விருந்தினர் பாதி ஓட்டமாக வந்தார். டிரஸ்டி ஒருவர் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். மாணவர்கள் "மாஸ்டர், மாஸ்டர்" என்று கத்தி விசில் அடித்தார்கள். மாஸ்டர் முகம் நேராகத்தான் இருந்தது, ஆனால் கண் சிரித்தது. நானும் கைதட்டினேன். கைதட்டிக்கொண்டே மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். மேடம் புது கவுனைப் போட்டுக்கொண்டு தங்கை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவரும் கைதட்டினார். மகன் செல்போனில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

உறுதிமொழி முடிந்தது. பெயர் வாசிப்பு ஆரம்பித்தது. ஒரு பெண்ணின் பெயரை வாசித்தார்கள். மேடையேறி வந்தது தாடி வைத்த ஒரு பையன். அரங்கம் சிரித்தது. அடுத்த பெயர், அதற்கும் வேறு ஆள். அதற்கடுத்ததும் அப்படியே. இப்போது யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் ஓர் அப்பா எழுந்து நின்று, இது என் பெண் இல்லை என்று கன்னடத்தில் கத்தினார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது, விட்டுப்போனது எது என்று. படிக்கட்டில் ஆள் இல்லை. அந்த வேலை எந்த வருஷமும் டியூட்டி சார்ட்டில் இருந்ததே இல்லை. அது மாஸ்டர் தானாகச் செய்வது. இந்த வருஷம் மாஸ்டர் மேடையில், பிரின்சிபாலுக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கீழே பிள்ளைகள் செல்ஃபி எடுக்க இடம் மாறி, வரிசை கந்தலாகிக் கிடந்தது. நிகிலும் இன்னொரு மார்ஷலும் ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் மாஸ்டர் எழுந்துகொள்ளப் பார்த்தார். பிரின்சிபால் கையால் அமர்த்தினார். நேரலை ஓடிக்கொண்டிருந்தது.

நான் படிக்கட்டுக்கு ஓடினேன். எனக்கு முன்னால் வசந்தகுமாரி மேடம் அங்கே நின்றார். எப்போது எழுந்து வந்தார் என்று நான் பார்க்கவில்லை. ஐந்து வருஷம் பாடம் எடுத்த பிள்ளைகள், எல்லோருடைய முகமும் அவருக்குத் தெரியும். "ஏய், நீ பின்னால போ. நீ வா இங்க. போன உள்ள வை" என்று முழங்கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். மைக்கில் வாசிப்பவருக்குக் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார், பிறகு தொடங்கச் சொன்னார். தவறிப் போனவர்களை மறுபடி மேலே அனுப்பினார். அந்த அப்பா உட்கார்ந்தார். கடைசிப் பிள்ளை மேலே ஏறும்வரை மேடம் அங்கேயே நின்றார். முடி கலைந்து, கவுன் ஒரு தோளில் நழுவிக் கிடந்தது. அந்த நேரலை இன்றும் யூடியூபில் இருக்கிறது. அதில் படிக்கட்டிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வருவது தெரியும். மேடம் தெரிய மாட்டார்.

எல்லாம் முடிந்து கூட்டம் சாப்பாட்டுக்குப் போய்விட்டது. ஹாலில் நாற்காலி மடிப்பவர்கள், நான், மேடம். மாஸ்டர் மேஸோடு மேடையிலிருந்து இறங்கி வந்தார். அதைப் பிரின்சிபால் அறைப் பெட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். மேடத்துக்கு முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் அதை நீட்டினார்.

"இத ரூம் வரைக்கும் நீங்க எடுத்துனு வாங்க மேடம். நான் பின்னால வரேன்."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. வாங்கிக்கொள்ளுங்கள் மேடம் என்று மனதுக்குள் கெஞ்சினேன். மேடம் பித்தளைத் தராசை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு கையை இறக்கிக்கொண்டார்.

"வேண்டாம் மாஸ்டர். நீங்க நல்ல மனசோட குடுக்கறீங்க, எனக்குத் தெரியும். ஆனா ஆளில்லாத ஹால்ல தூக்கறதுக்கு நான் ஆசப்படல."

மாஸ்டருக்குப் புரிந்தது. எங்கள் எல்லோரையும்விட அவருக்குத்தான் நன்றாகப் புரிந்திருக்கும். மேஸை எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனார்.

மேடம் ஓய்வு பெற்ற மறு மாதமே விதியைத் திருத்தினார்கள். பேராசிரியர்கள் மட்டும் என்று ஆனது. அதிலிருந்து நஞ்சுண்டய்யா சார்தான் ஏந்துகிறார். மாஸ்டர் மறுபடி படிக்கட்டுக்குப் போனார். நான் ஓய்வு பெறும்வரை டியூட்டி சார்ட்டில் முதல் வரியாகப் படிக்கட்டு வேலையைப் போட்டு, அவர் பெயரை அழைப்பிதழிலும் அச்சடிக்க வைத்தேன். பிரின்சிபால் முகம் சுளித்தார், சுளிக்கட்டும்.

பிள்ளைகளே, விழாவுக்கு ஆள் போடும் வேலை உங்களுக்கு வந்தால், பணிமூப்பு பாருங்கள், குரல் பாருங்கள், விதியையும் பாருங்கள். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் ஒவ்வொருவரிடமும் நேரில் போய், உங்களுக்கு எது வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். விழாவுக்கு முன்னால் கேளுங்கள். முடிந்த பிறகு நாம் கொண்டுபோய் நீட்டுகிற எதையும் அவர்கள் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். வாங்கிக்கொள்ளவும் கூடாது.